எஞ்சினைத் திறக்குமுன் ஆராய்க

கடலூரிலிருந்து ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் வழியாகச் சிதம்பரம் செல்லும் சாலையில் வாடகைக் கார்களும் சுமை வண்டிகளும் ஓய்வின்றி ஓடுகின்றன. நோயாளியை மருத்துவமனையில் சேர்ப்பதும், மீனையும் காய்கறியையும் சந்தைக்கு ஏற்றிச் செல்வதும் இவையே. ஒரு வண்டி சூடேறி வழியில் நின்றுவிட்டால், "ஹெட் கேஸ்கட் போய்விட்டது" என்ற சொல் உடனே எழுகிறது. அது உண்மையாயின் எஞ்சினின் தலைப்பகுதியைக் கழற்றியே தீரவேண்டும்; பொய்யாயின் பொருளும் பல நாள் பிழைப்பும் வீணாகும். ஆகவே, இக்குறையை முறையாக அறியும் வழியைக் காண்போம்.

ஹெட் கேஸ்கட் என்பது எஞ்சினின் உடற்பகுதிக்கும் சிலிண்டர் ஹெட்டுக்கும் இடையே அமைந்த மெல்லிய தகடு. எரியும் வாயு, குளிர்விக்கும் நீர், மசகெண்ணெய் ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று கலவாமல் அது காக்கிறது. அது பழுதுற்றால் இவை கலக்கின்றன. அறிகுறிகள் யாவும் இக்கலப்பிலிருந்தே பிறக்கின்றன.

வெளியே கசிவின்றி ரேடியேட்டர் நீர் குறைதல், எஞ்சின் சூடான பின்னும் வெண்புகை நீடித்தல், மசகெண்ணெய் பால் கலந்தாற்போல் வெளுத்தல், ரேடியேட்டரில் நிற்காமல் குமிழிகள் எழுதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். எனினும் ஒன்றை மட்டும் கண்டு முடிவு செய்தல் தகாது. மார்கழிப் பனியில் காலையில் சிறிது நேரம் வெண்புகை வருவது இயல்பு. குறுந்தொலைவே ஓடும் வண்டியில் எண்ணெய் மூடியின் அடியில் மட்டும் வெண்படலம் படிவதும் உண்டு. புதிதாக நீர் நிரப்பியபின் சற்று நேரம் குமிழி வருவதும் குறையன்று.

சோதனையை எளியதிலிருந்து தொடங்குவோம். எஞ்சின் முற்றும் ஆறிய பின்னரே ரேடியேட்டர் மூடியைத் திறத்தல் வேண்டும். அழுத்தத்தில் உள்ள நீர் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் நிற்கும். மூடியைத் திறந்தவுடன் பொங்கிச் சுட்டுவிடும். விசிறிப் பட்டை, விசிறி, தெர்மோஸ்டாட், நீர் பம்பு, ரேடியேட்டர் மூடி, அடைபட்ட குழாய் ஆகியவற்றை முதலில் பார்க்கவேண்டும். சூடேறுவதற்கு இவையும் காரணமாகலாம்.

ஐயம் நீங்காவிடில் பட்டறையில் மூன்று சோதனைகள் செய்விக்கலாம். குளிர்விப்பு அமைப்பில், மூடியில் குறித்துள்ள அளவுக்குக் காற்றழுத்தம் ஏற்றி, அது இறங்குகிறதா எனப் பார்ப்பது ஒன்று. சிலிண்டர்தோறும் கம்ப்ரெஷன் அளப்பது மற்றொன்று. அடுத்தடுத்த இரண்டில் அளவு குறைந்திருந்தால் அவற்றிடையே கேஸ்கட் பழுதுற்றிருக்கக்கூடும். ரேடியேட்டர் வாயிலுள்ள ஆவியை நீலத் திரவத்தின் ஊடே இழுப்பது மூன்றாவது. எரிந்த வாயு கலந்திருந்தால், பெட்ரோல் எஞ்சினில், நீலம் மஞ்சளாகும்.

குறை உறுதியாயின் வண்டியை ஓட்டலாகாது. நீர் கலந்த எண்ணெய் பேரிங்குகளை அரிக்கும். சிலிண்டரில் நீர் தேங்கினால் கனெக்டிங் ராடும் வளையும். தலைப்பகுதியைக் கழற்றும்போது அது வளைந்துள்ளதா எனச் சோதித்து, போல்ட்டுகளைத் தயாரிப்பாளர் கூறிய வரிசையிலும் இறுக்கத்திலும் டார்க் ரெஞ்சால் முடுக்கவேண்டும். சூடேறியதன் மூலகாரணத்தை நீக்காவிடில் புதிய கேஸ்கட்டும் நிலைக்காது.

கடலோர ஊர்களின் உவர்நீரை ரேடியேட்டரில் ஊற்றுவதால் துருவும் உப்புப் படிவும் சேரும். உரிய கூலன்ட்டை ஊற்றுவதும், சூட்டுமானி உயர்ந்தவுடன் வண்டியை நிறுத்துவதும் பெருஞ்செலவைத் தடுக்கும். நோயறிந்து மருந்திடுவதே வண்டிக்கும் ஏற்ற நெறியாகும்.