பஞ்சாமிர்த டின்னில் தலைகீழ்ச் சுடர்

பழனிக்கு வந்து போனவர்கள் வீட்டில் பஞ்சாமிர்த டின் ஒன்றாவது இருக்கும். மலைவாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, தேன், நெய், ஏலம் எல்லாம் சேர்ந்த அந்த இனிப்பு இரண்டே நாளில் தீர்ந்துவிடும். டின் பரணில் ஏறும்; இல்லையேல் பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேரும். வரும் திருக்கார்த்திகைக்கு அதை ஒரு விளக்குக் கூண்டாக்குவோம். தகர டின்தான் வேண்டும். பிளாஸ்டிக் டப்பா சூட்டில் இளகிவிடும்.

டின்னைக் கழுவிக் காயவையுங்கள். வெறும் டின்னில் ஆணி அடித்தால் தகரம் உள்வாங்கி நசுங்கும். ஆகவே ஈர மணலை உள்ளே இறுகத் திணித்து, மூடியைப் போட்டுவிட்டு அடியுங்கள். மணல் எளிதில் அமுங்காதாகையால் தகரத்தை உட்புறமிருந்து தாங்கிக்கொள்ளும்; ஆணி நறுக்கென்று இறங்கும். மணலைக் கொட்டியபின் துளைகளின் உட்புற விளிம்பு கத்திபோல் இருக்கும். அங்கே விரலை விடவேண்டாம். அடியோரத்தில் சுற்றிலும் ஏழெட்டுத் துளை கட்டாயம் தேவை. அவற்றின் வழியே காற்று புகாவிட்டால் சுடர் மங்கிப் புகை கக்கும்.

இனி அலங்காரத் துளைகள். சுடர் நிற்கும் உயரத்தில் 3 மி.மீ. அளவில் சில வட்டத் துளைகள் போடுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும், பெரியவர் ஒருவர் துணையோடு, சிற்றுளியால் 1 செ.மீ. அகலத்தில் ஒரு நட்சத்திரம் வெட்டுங்கள். நடுவில் அகலை ஏற்றி, டின்னைச் சுவரிலிருந்து அரை மீட்டர் தள்ளி வைத்து, அறை விளக்கை அணையுங்கள். நட்சத்திரத் துளைக்கு எதிரே சுவரில் என்ன தெரியும்? வகுப்பில் இதைக் கேட்டால் பெரும்பாலோர் தயங்காமல் சொல்வது, “நட்சத்திரம்.”

தெரிவது நட்சத்திரமன்று. நீண்ட, கலங்கிய ஒளித்திட்டு ஒன்று. சிறிய வட்டத் துளைகளுக்கு எதிரிலோ வட்டங்கள் இல்லை. சுடர்கள் தொங்குகின்றன, நுனி கீழ்நோக்கி! வெளிச்சம் நிலவொளி அளவுக்கு மங்கலானது. கண் இருட்டுக்குப் பழக இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள்.

காரணம், ஒளி நேர்கோட்டில் செல்வதுதான். சுடரின் நுனியிலிருந்து வரும் கதிர் துளை வழியே கீழே இறங்குகிறது. அடியிலிருந்து வரும் கதிர் மேலேறுகிறது. நீங்கள் பாடத்தில் படித்த ஊசித்துளைக் காமிரா இதுவே. கணக்கும் எளிது. சுடருக்கும் துளைக்கும் இடையே 5 செ.மீ., துளைக்கும் சுவருக்கும் 50 செ.மீ. என்றால் பிம்பம் பத்து மடங்கு. 2 செ.மீ. சுடர் 20 செ.மீ. ஆகிவிடும். நட்சத்திரத் துளை தன் வடிவத்தை ஏறக்குறைய 11 செ.மீ. அளவில் போட முயல்கிறது. ஆனால் துளையின் ஒவ்வொரு புள்ளியும் 20 செ.மீ. சுடர் ஒன்றை அதன்மேல் அப்புகிறது. நட்சத்திரத்தின் முனைகள் எங்கே பிழைக்கும்?

நட்சத்திரம்தான் வேண்டுமென்றால் துளையை மாற்றிப் பயனில்லை, விளக்கை மாற்றவேண்டும். டின் ஆறியபின் கைப்பேசியின் விளக்கை வாய்ப்புறமாக உள்ளே தாழ்த்தி, துளையை நோக்கிக் காட்டுங்கள். அதில் ஒளி வரும் இடம் சில மி.மீ. அகலமே, கலக்கமும் சில செ.மீட்டரோடு நின்றுவிடும். நட்சத்திரம் பளிச்சென்று வந்து நிற்கும். ஆகவே துளை சிறிது, விளக்கு பெரிது என்றால் சுவரில் விளக்கின் உருவம். விளக்கு சிறிது, துளை பெரிது என்றால் துளையின் உருவம். மரத்தடியில் வெயில் வட்ட வட்டமாக விழுவதும் இப்படித்தான். இலை இடுக்குகள் எந்தக் கோணலில் இருந்தாலும் விழுவது சூரியனின் பிம்பம். 2019 டிசம்பர் 26 காலையில் திண்டுக்கல்லில் வளையக் கிரகணம் தெரிந்தபோது இத்தகைய துளைகள் தரையில் வளையங்களையே வரைந்தன.

இதிலிருந்து அலங்காரத்துக்கு ஒரு விதியும் கிடைக்கிறது. இரு துளைகளுக்கு இடையே பக்கவாட்டில் சுடரின் அகலத்துக்கு மேலும், மேலும் கீழுமாகச் சுடரின் உயரத்துக்கு மேலும் இடைவெளி விடுங்கள். நெருக்கினால் சுடர்கள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து சுவர் முழுதும் வெறும் மஞ்சளாகிவிடும். கடையில் விற்கும் சல்லடைக் கூண்டுகள் பலவற்றின் குறை இதுவே என்பது என் கருத்து.

டின்னின் வாய் சும்மா கிடக்கிறது. சாப்பாடு கட்டித் தரும் அலுமினியப் பெட்டியின் அடியிலிருந்து ஒரு வட்டம் வெட்டுங்கள். நடுவில் பழைய பேனா முனையால் அழுத்தி, ஓட்டை விழாமல் ஒரு குழி செய்யுங்கள். ஓரத்திலிருந்து மையத்தை நோக்கி எட்டு வெட்டுக் கொடுத்து, இதழ்களை எல்லாம் ஒரே பக்கமாகச் சற்றுத் திருகுங்கள். டின்னின் வாயில் குறுக்கே கம்பி கட்டி, அதன் நடுவில் ஊசியை நிமிர்த்தி, குழி ஊசிமுனைமேல் உட்காரும்படி வட்டை வையுங்கள். சிறிது நேரத்தில் அது சுழலும். 30 டிகிரி செல்சியசில் ஒரு லிட்டர் காற்றின் நிறை சுமார் 1.16 கிராம், 90 டிகிரியில் சுமார் 0.97 கிராம்தான். இலேசான காற்று மேலேறும்போது சாய்ந்த இதழ்களைத் தள்ளுகிறது. உடுமலை, தாராபுரம் பக்கத்துக் காற்றாலைகளிலும் இதே சாய்வுதான் வேலை செய்கிறது. சீனரின் ஓடும் குதிரை விளக்கும், ஜெர்மானியர் கிறிஸ்துமசுக்கு வைக்கும் சுழல் கோபுரமும் இதன் உறவினர்கள். சுழலவில்லையா? வட்டு ஒரு பக்கம் சாய்ந்து கம்பியில் உரசுகிறதா என்று பாருங்கள்.

வட்டுக்கு மினுமினுக்கும் பரிசுக் காகிதம் ஆகுமா? கசக்கிப் பாருங்கள். கசங்கியபடியே கிடந்தால் உலோகத்தாள். மெல்ல விரிந்தால் உலோகம் பூசிய பிளாஸ்டிக். சிப்ஸ் பொட்டலமும் பெரும்பாலும் இரண்டாவது வகை. அதையும் தெர்மோகோலையும் சுடர் அருகில் கொண்டுவராதீர்கள். டின் கைபொறுக்காத அளவு சுடும். கூரை, திரைச்சீலை ஆகியவற்றுக்கு எட்டத்தில், செங்கல்மேல் வையுங்கள்.

கூண்டு தயாரானதும் அகலில் இரு திரிகளைச் சற்று விலக்கி வைத்து ஏற்றுங்கள். ஒரு துளைக்கு எத்தனை சுடர் தொங்கும்? இடது திரியை மட்டும் அணைத்தால் சுவரில் எந்தப் பக்கத்துச் சுடர் மறையும்? முதலில் தாளில் கோடு போட்டு விடையை எழுதி வைத்துக்கொண்டு, பிறகு ஊதுங்கள்.