சென்னையில் சந்தடியில்லாத இடங்கள்

சென்னையில் அமைதி மதிலுக்கு உள்ளே இருக்கிறது. கடற்கரையிலும் பூங்காவிலும் அதைத் தேடும் வெளியூர்க்காரர் ஏமாந்துதான் திரும்புவார். மாலை ஐந்து மணிக்கு மேல் மெரினாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. பெசன்ட் நகருக்கும் அதே கதிதான். ஆனால் சபைகளும் தேவாலயங்களும் நூலகங்களும் பல தலைமுறைகளுக்கு முன் அமைத்த வளாகங்கள், நெரிசல் மிகுந்த பகுதிகளிலேயே இன்னும் மரங்களோடு நிற்கின்றன.

முதலில் சொல்ல வேண்டியது பாரிமுனைக்கு அருகிலுள்ள ஆர்மீனியத் தேவாலயம். உயர் நீதிமன்ற மெட்ரோ நிலையத்திலிருந்து நடந்தே போகலாம். வழி கேட்பவர் அரண்மனைக்காரன் தெரு என்று கேட்டால் போதும். தள்ளுவண்டி, மூட்டை, ஹார்ன் எல்லாம் வாசல் வரைதான். 1712இல் எழுந்து 1772இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட இந்தத் தேவாலயத்தில் வழிபட இன்று ஊரில் ஆர்மீனியச் சமூகம் இல்லை. முற்றமெங்கும் கல்லறைப் பலகைகள் தரையோடு தரையாகப் பதிந்திருக்கின்றன. நடப்பவர் கால் படும் இடத்திலேயே ஆர்மீனிய எழுத்துகள். சில கூர்மையாக, சில மழையில் மழுங்கி. உலகின் முதல் ஆர்மீனிய இதழான ‘அஸ்தரார்’ 1794இல் சென்னையில்தான் வெளிவந்தது. அதை நடத்திய பாதிரியார் ஹாருத்யூன் ஷ்மாவோன்யானின் கல்லறையும் இங்கேதான் இருக்கிறது. தேவாலயத்தை ஒட்டித் தனியாக நிற்கும் கோபுரத்தில் ஆறு மணிகள். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. செவ்வாய்க்கிழமை மட்டும் இந்தத் தெருவைத் தவிர்ப்பது நல்லது: அதே தெருவிலுள்ள அந்தோணியார் கோயிலுக்கு அன்று கூட்டம் அலைமோதும்.

அடையாற்றின் தென்கரையில் 1882 முதல் இருக்கும் பிரம்மஞான சபை வளாகம் அடுத்தது. அங்குள்ள பெரிய ஆலமரத்தின் அடிமரம் 1989 புயலில் சாய்ந்தது. விழுதுகளே இப்போது மரத்தைத் தாங்குகின்றன. பலரும் ஆலமரத்தைப் படம் எடுத்ததும் திரும்பிவிடுகிறார்கள். மரத்தைத் தாண்டிப் போகும் மண்பாதைகளில்தான் பறவைச் சத்தம் காதில் விழும்.

இங்கேதான் வெளியூர்க்காரர் செய்யும் தவறுகளிலேயே பெரிய தவறு நடக்கிறது. சபையின் வாயிலைப் பார்வையாளருக்காகக் காலையில் கொஞ்ச நேரம், பிற்பகலில் கொஞ்ச நேரம் மட்டுமே திறக்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமை கிடையாது. இது தெரியாமல் எழும்பூரிலிருந்து ஆட்டோ பிடித்துப் பதினோரு மணிக்கு வந்து இறங்குபவருக்கு மூடிய கதவுதான் மிச்சம். பிற்பகல் வரை காத்திருக்க நிழல் கிடையாது. வேறு இடம் போகலாமென்றால் மறுபடி ஆட்டோ பேரம், மறுபடி சிக்னல். மருத்துவமனைக்கோ நேர்காணலுக்கோ வந்து அரை நாள் மட்டும் கையில் வைத்திருப்பவருக்கு அந்த அரை நாள் அங்கேயே போய்விடும். கைப்பேசி வரைபடம் ‘திறந்திருக்கிறது’ என்று காட்டுவதை நம்புவது இந்தத் தவறின் மறுபாதி. ‘யாரும் அறியாத பத்து இடங்கள்’ என்று படம் போட்டுப் பரப்புகிறவர்கள் வாயில் நேரத்தை ஒரு வரியில் சொல்லியிருந்தாலே எத்தனையோ பேரின் பொழுது தப்பியிருக்கும். கிளம்புமுன் தொலைபேசியில் கேட்பதைத் தவிர இதற்கு வேறு வழியில்லை.

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. வார நாளில் போனால் பள்ளிப் பிள்ளைகளின் வரிசை டைனோசர் பக்கம் போய்விடும். வெண்கலச் சிலைக்கூடத்தில் சோழர்கால நடராசர் முன் தனியாக நிற்கலாம். நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில், பழைய டி.பி.ஐ. வளாகத்துக்குள் 1812இல் தொடங்கிய சென்னை இலக்கியச் சங்கத்தின் நூலகம் இருக்கிறது. கூரையை எட்டும் அலமாரிகளும் பழந்தாள் வாசனையும் புத்தகப் பிரியர்களுக்குப் போதும், மற்றவர்கள் தவிர்க்கலாம்.

மயிலாப்பூரில் கபாலீசுவரரைத் தரிசித்துவிட்டுத் திரும்புபவர்கள், தெற்கு மாட வீதி வெள்ளீசுவரர் கோயிலுக்குள்ளும் நுழைய வேண்டும். நூற்றுக்கணக்கானோர் நிற்கும் வரிசையிலிருந்து சில நிமிட நடைதான், ஆனால் அங்கே பிராகாரத்தில் நிம்மதியாக உட்கார இடம் கிடைக்கும். உச்சி வேளையில் நடை சாத்தியிருக்கும். பிரதோஷத்தன்று இங்கும் கூட்டம்தான்.

ஒரே நாளில் இவை அனைத்தையும் பார்க்கத் திட்டமிடுவது வீண். வடக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று ஓடினால் பொழுதெல்லாம் போக்குவரத்தில்தான் கழியும். எழும்பூரில் தங்கியிருப்பவர் அருங்காட்சியகத்தோடு நூலகத்தைச் சேர்த்துக்கொள்ளலாம். அடையாறு போகிறவருக்கு மயிலாப்பூர் வழியிலேயே இருக்கிறது.

ஞாயிறு மட்டுமே ஓய்வு என்பவருக்குப் பாரிமுனையை ஒட்டிய ஜார்ஜ் டவுன் தெருக்களே சரி. அன்று காலையில் பெரும்பாலான கடைகள் அடைத்திருக்கும். மற்ற நாட்களில் மூட்டைக்கும் வண்டிக்கும் ஒதுங்குவதே வேலையாக இருக்கும் இடத்தில், 1892இல் திறந்த உயர் நீதிமன்றத்தின் சிவப்புக் குவிமாடங்களை வெளியிலிருந்தபடியே சாவகாசமாக அண்ணாந்து பார்க்கலாம். தேநீர்க்கடைகளும் குறைவாகவே திறந்திருக்கும் என்பதால், சாப்பிட்டுவிட்டுப் போவது நல்லது.