முகாம் இளைஞர்களை ஆய்வாளர்களாக்குவது எப்படி?

மதுரை மாவட்டத்தில் ஆனையூர், உச்சப்பட்டி, திருவாதவூர் ஆகிய ஊர்களில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்கள் இருக்கின்றன. 1983-க்குப் பிறகு அலை அலையாகக் கடல் கடந்து வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே வளர்கிறார்கள். பலர் பிறந்ததே தமிழ்நாட்டில்தான் என்றாலும் பெரும்பாலோருக்கு இந்தியக் குடியுரிமை இல்லை. படிப்பைப் பற்றியோ உடல்நலத்தைப் பற்றியோ ஆய்வு செய்கிறவர்கள் வருவார்கள், படிவத்தை நிரப்பிக்கொண்டு போவார்கள். அதன்பின் அந்த அறிக்கை என்ன ஆனதென்று முகாமில் இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை.

இதை மாற்ற ஒரு வழி, அந்தப் பிள்ளைகளையே ஆய்வாளர்களாக்குவது. ஆய்வு செய்வதும் ஓர் உரிமைதான் என்று மானிடவியலாளர் அர்ஜுன் அப்பாதுரை 2006-இல் எழுதினார். அவர் தொடங்கிய மும்பை ‘புகார்’ அமைப்பு, குடிசைப் பகுதி இளைஞர்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே ஆராயப் பயிற்சி கொடுத்தது. நம் பக்கத்திலும் முன்னோடி உண்டு. 1984-இல் சந்திரஹாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம், முகாம்வாசிகளையே ஆசிரியர்களாகவும் சுகாதாரப் பணியாளர்களாகவும் உருவாக்கியது. கல்லூரி ஆசிரியர்களும் தொண்டு நிறுவனத்தாரும் இதே வேலையை மதுரையில் தொடங்கினால் எந்த வரிசையில் போவது என்று பார்ப்போம்.

1. முதலில் அனுமதி

வெளியாள் முகாமுக்குள் போக அனுமதி வேண்டும். மாவட்ட ஆட்சியர் அலுவலகத்திலும், அயலகத் தமிழர் நலன் மற்றும் மறுவாழ்வுத் துறை ஆணையரகத்திலும் எழுத்தில் கேளுங்கள். முகாம் தலைவரைத் தனியே பார்த்துப் பேசுங்கள். உடல்நலம் பற்றிய ஆய்வென்றால் ஒரு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் தேவை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2017-இல் வெளியிட்ட நெறிகளின்படி, 12 முதல் 18 வயது வரையுள்ளவர்களிடம் எழுத்திலும், 7 முதல் 12 வயதுப் பிள்ளைகளிடம் வாய்மொழியாகவும் இசைவு பெற வேண்டும். அதோடு பெற்றோரின் ஒப்புதலும் வேண்டும். தகவல் தருகிற பிள்ளைகளுக்கு மட்டுமல்ல, ஆய்வாளராகச் சேரும் பிள்ளைகளுக்கும் இதையே கடைப்பிடியுங்கள்.

2. குழுவும் கூடுமிடமும்

ஒரு முகாமுக்கு நாலைந்து பேர் போதும். நன்றாகப் படிக்கிறவர்களை மட்டும் பொறுக்காதீர்கள். பத்தாம் வகுப்போடு நின்று பெயின்டிங் வேலைக்குப் போகிற பையன் குழுவில் இல்லையென்றால், படிப்பை நிறுத்தியவர்களின் வீட்டுக் கதவு உங்களுக்குத் திறக்காது.

திருவாதவூர் மேலூர்ப் பக்கம், உச்சப்பட்டி திருமங்கலம் பக்கம், ஆனையூர் நகரின் வடமேற்கில். மூன்று முகாமும் சேர்ந்து கூட மாட்டுத்தாவணி தோதான இடம். ஆனால் பஸ் நிலையத்திலும் பூ மார்க்கெட் இரைச்சலிலும் உட்கார்ந்து பேச முடியாது. அங்கே ஒன்றுசேர்ந்து, பக்கத்தில் ஒரு கல்லூரி வகுப்பறைக்கோ, 2023-இல் நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கோ போகலாம். இடம் தருவார்களா என்று முன்னமே கேட்டு வையுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை, பையன்களுக்கு உண்டு. பஸ் காசை முன்கூட்டியே கையில் கொடுத்துவிடுங்கள். வேலைக்குப் போகிறவருக்கு அன்றைய கூலி போகும், அதற்கும் ஈடு கொடுங்கள். இருட்டுவதற்குள் எல்லாரும் வீடு திரும்ப வேண்டும்.

3. கேள்வி அவர்களிடமிருந்து வரட்டும்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். நீங்கள் ஏற்கெனவே தலைப்பை முடிவுசெய்துவிட்டு வந்தால், பிள்ளைகள் படிவம் நிரப்பும் கூலியாட்களாகிவிடுவார்கள். பேச்சை வரைபடத்திலிருந்து தொடங்குவது நல்லது. சிமென்ட் தரையில் கோலமாவால் முகாமை வரையச் சொல்லுங்கள்: வீட்டு வரிசைகள், தண்ணீர்க் குழாய், கழிப்பறை, தெருவிளக்கு, பள்ளிக்குப் போகும் வழி. பிறகு ஆளுக்கு ஒரு கைப்பிடி புளியங்கொட்டை கொடுத்து, எங்கே தொல்லை அதிகமோ அங்கே வைக்கச் சொல்லுங்கள். பெண்கள் ஒரு படமும் ஆண்கள் ஒரு படமும் தனித்தனியே போடட்டும். கழிப்பறைக்கும் விளக்கில்லாத சந்துக்கும் பெண்கள் வைக்கிற கொட்டைகள் ஆண்கள் படத்தில் இல்லாமல் போகலாம். ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டாலே ஆய்வுக்கான கேள்வி கிடைத்துவிடும். படத்தை அழிப்பதற்கு முன் சார்ட் தாளில் பெயர்த்து வரைந்துகொள்ளுங்கள்.

4. கேள்வித்தாளைத் திருத்துங்கள்

“ஏன் படிப்பை நிறுத்தினாய்?” என்று கேட்டால் குற்றம்சாட்டுவது போல இருக்கும். “வீட்டுக் கஷ்டம்” என்ற ஒற்றைப் பதிலோடு பேச்சு முடிந்துவிடும். “கடைசியாகப் பள்ளிக்குப் போன வாரம் என்னென்ன நடந்தது?” என்று கேட்டுப் பாருங்கள். கட்டணம், சான்றிதழ், வாத்தியார் சொன்ன ஒரு சொல், வேலைக்குக் கூப்பிட்ட அண்ணன் என்று ஒவ்வொன்றாக வரும். பெயின்டிங் வேலைக்காரரிடம் “உடம்பு எப்படி?” என்று பொதுவாகக் கேட்காமல், சுவரைத் தேய்க்கும்போது மூக்கை எதனால் மூடுகிறார், சாரத்திலிருந்து விழுந்தால் செலவு யாருடையது என்று கேட்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு கேள்வியையும் பிள்ளைகள் முதலில் ஒருவரையொருவர் கேட்டுப் பார்க்கட்டும். சங்கடப்படுத்துகிற கேள்வி அங்கேயே தெரிந்துவிடும்.

5. எழுதக் கூடாதவற்றை முடிவுசெய்யுங்கள்

பெயர், வீட்டு எண், முகம் தெரியும் படம் வேண்டாம். குறியீட்டு எண் போதும். முகாமில் ஆட்கள் இருக்கிறார்களா என்று சரிபார்க்கும் ‘செக்கிங்’ உண்டு. அன்று ஆள் இல்லையென்றால் அரசு தரும் பணக்கொடைக்குச் சிக்கல் வரலாம். ஆகவே யார் வெளியூர் வேலைக்குப் போயிருக்கிறார், யார் எங்கே தங்குகிறார் என்பது உங்கள் நோட்டில் ஏறக் கூடாது. செக்கிங் நாளில் களவேலையும் வைக்காதீர்கள்.

பக்கத்து வீட்டுக்காரரே கேள்வி கேட்பதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கேட்ட ரகசியம் மறுநாள் குழாயடிக்கு வந்துவிடும். அதனால் நெருங்கிய சொந்தத்தை யாரும் பேட்டி எடுக்க வேண்டாம். உச்சப்பட்டிப் பிள்ளைகள் ஆனையூரிலும், ஆனையூர்ப் பிள்ளைகள் உச்சப்பட்டியிலும் பேட்டி எடுக்கலாம். பேட்டியின்போது யாராவது உடைந்து அழுதால் நோட்டை மூடச் சொல்லிக் கொடுங்கள். மனநல உதவிக்கு 14416, குழந்தைகளுக்கான உதவிக்கு 1098 என்ற எண்கள் எல்லார் கையிலும் இருக்கட்டும்.

6. சேர்ந்து வகைப்படுத்துங்கள்

பதில்களைக் கணினியில் ஏற்றிக்கொண்டு நீங்கள் மட்டும் தனியே போய் அலசக் கூடாது. ஒவ்வொரு பதிலையும் துண்டுச் சீட்டில் எழுதித் தரையில் பரப்புங்கள். ஒத்துப்போகிறவற்றைப் பிள்ளைகள் குவியலாக்கட்டும், குவியலுக்குப் பெயரும் அவர்களே வைக்கட்டும். எந்தக் குவியலிலும் சேராத சீட்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். அவற்றையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும்.

7. முதலில் முகாமுக்கு, பிறகு மற்றவர்களுக்கு

பெயின்டிங் வேலைக்குப் போனவர்கள் திரும்பிய பிறகு, ஒரு மாலையில் முகாமிலேயே கூட்டம் போட்டு முடிவுகளைப் படித்துக் காட்டுங்கள். தவறென்று அவர்கள் சொல்வதைத் திருத்துங்கள். வெளியே போகக் கூடாது என்று சொல்வதை நீக்குங்கள். பிறகு பள்ளித் தலைமையாசிரியர், ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர், ஆட்சியர் அலுவலகத்தின் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் என்று கொண்டுபோகலாம். மனுவை எடுத்துச் சொல்வதும் அந்தப் பிள்ளைகளாகவே இருக்கட்டும். விரும்புகிறவர்களின் பெயரை ஆய்வறிக்கையில் எழுதியவர்களாகப் போடுங்கள். நன்றியுரையில் ஒரு வரியோடு முடித்துவிடாதீர்கள்.

கேள்வியைத் தேர்ந்தெடுப்பதிலும் முடிவை எழுதுவதிலும் பிள்ளைகளுக்குப் பங்கில்லை என்றால், எத்தனை பேரைச் சேர்த்துக்கொண்டாலும் அதை இளைஞர் ஆய்வு என்று சொல்லாதீர்கள். அச்சான அறிக்கையின் முதல் பிரதி முகாமுக்குப் போய்ச் சேர வேண்டும்.