முதல் கார், பழைய கார்: வடசென்னையில் வாங்கும் முன்...

புதிதாக லைசென்ஸ் எடுத்தவரா? வாங்கும் விலையைவிட ஓட்டும் செலவைப் பாருங்கள்.

● எஞ்சின்: 800 முதல் 1,000 சிசி பெட்ரோல் வண்டி போதும். ஆல்டோ, வேகன் ஆர் போன்றவற்றுக்கு உதிரி பாகங்கள் எங்கும் கிடைக்கும். தினமும் நெடுந்தூரம் ஓட்டாதவருக்கு டீசல் வேண்டாம்.

● துரு: ராயபுரம் முதல் எண்ணூர் வரை உப்புக்காற்று இரும்பை அரிக்கும். வண்டியை லிஃப்டில் ஏற்றி, அடிப்பகுதியையும் கதவுகளின் கீழ் விளிம்பையும் பாருங்கள். அடியில் மட்டும் புதுக் கறுப்பு பெயிண்ட் என்றால் சந்தேகப்படுங்கள்.

● வெள்ளம்: 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் மூழ்கிய வண்டியாக இருக்கலாம். சீட் பெல்ட்டை முழுதாக இழுங்கள். ஸ்டெப்னி குழியையும் தரைவிரிப்பின் அடியையும் பாருங்கள். சேற்றுக் கறை இருந்தால் விட்டுவிடுங்கள்.

● கிளட்ச்: கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்தே ஓடிய வண்டியில் கிளட்ச் சீக்கிரம் தேயும். மேம்பாலத்தில் ஏற்றிப் பாருங்கள். எஞ்சின் சத்தம் கூடியும் வேகம் கூடாவிட்டால், கிளட்ச் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லுங்கள்.

● டயர்: பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்க எண்ணைப் படியுங்கள். 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் தயாரானது.

● ஆவணம்: உரிமை மாற்றத்துக்கான படிவம் 29, 30-ல் விற்பவரிடம் கையெழுத்து வாங்குங்கள். வண்டிமேல் கடன் இருந்தால் வங்கியின் தடையின்மைச் சான்றும் படிவம் 35-ம் தேவை. அபராத பாக்கியை எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாட்களுக்குள் விண்ணப்பியுங்கள். முந்தைய உரிமையாளரின் நோ க்ளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காததற்கான பிரீமியம் தள்ளுபடி) உங்களுக்கு வராது.