இரண்டு நிமிட அமைதி: அன்றாடப் பழக்கமாக்குவது எப்படி?

மதிய உணவுக்குப் பிந்தைய முதல் பாடவேளை எப்படி இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். வியர்வை, களைப்பு, பாதியில் நின்ற சண்டை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு மாணவர்கள் உள்ளே வருவார்கள். எமிஸ் பதிவு, விடைத்தாள் திருத்தம், வாட்ஸ்அப் குழுவில் வந்த அவசரத் தகவல் என்று நாமும் பாதி மனத்தோடுதான் நுழைவோம். "அமைதியா இருங்க" என்று நாள்தோறும் சொல்கிறோம். அமைதியாக இருப்பது எப்படி என்று மட்டும் சொல்லிக்கொடுப்பதில்லை. வாசிப்பும் கணக்கும் போல அதுவும் பயிற்சியால் வருவதே.

அலைவது மனத்தின் இயல்பு

2010-இல் ஹார்வர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கில்லிங்ஸ்வொர்த், கில்பர்ட் இருவரும் 2,250 பெரியவர்களிடம் கைப்பேசி வழியே ஆய்வு செய்தனர். நாளின் பல வேளைகளில், "இப்போது உங்கள் மனம் எங்கே இருக்கிறது?" என்பது போன்ற கேள்விகளைக் கேட்டனர். ஏறத்தாழ 47 விழுக்காடு நேரம் மனம் செய்யும் வேலையில் இல்லை என்று தெரிந்தது. ஆகவே, "எனக்கு மனசு நிக்கவே மாட்டேங்குது, தியானம் எனக்கு வராது" என்று ஒதுங்க வேண்டியதில்லை. மனம் ஓடியதைக் கவனித்து, கடிந்துகொள்ளாமல் திரும்ப அழைத்து வருவதுதான் பயிற்சி. கன்று ஓடினால் அடிக்காமல் தொழுவத்துக்கு ஓட்டி வருகிறோம் அல்லவா, அது போல.

மூச்சை ஏன் பிடிமானமாகக் கொள்கிறோம்? மூச்சை உள்ளிழுக்கும்போது இதயத் துடிப்பு சற்றுக் கூடும், வெளிவிடும்போது சற்றுக் குறையும். மெதுவாக, நீளமாக வெளிவிட்டால் உடலை அமைதிப்படுத்தும் நரம்புகள் கூடுதலாகச் செயல்படும். இதை மாணவர்கள் தாமே சோதித்துப் பார்க்கலாம். பயிற்சிக்கு முன்னும் பின்னும் மணிக்கட்டில் இரு விரல் வைத்து 30 நொடிக்கு நாடித்துடிப்பை எண்ணிக் குறிக்கச் சொல்லுங்கள். அறிவியல் பாடத்துக்கும் இது பொருத்தமான செயல்பாடு.

முதலில் ஆசிரியர்

நம் மாநிலத்தில் தியானத்தைக் குடும்பத்தினரிடம் கொண்டு சேர்த்தவர்களில் முக்கியமானவர் வேதாத்திரி மகரிஷி. 1911-இல் கூடுவாஞ்சேரியில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1958-இல் உலக சமுதாய சேவா சங்கத்தைத் தொடங்கினார். வேலையையும் வீட்டையும் விடாமல் அன்றாடம் செய்யும் பயிற்சியாக மனவளக்கலையை வகுத்தார். ஆசிரியர்களாகிய நமக்கு இதுவே பொருந்தும் வழி.

நான் வசிக்கும் கே.கே. நகரில், காலையில் வண்டியூர்க் கண்மாய்ப் பக்கம் நடந்துவிட்டு வருவேன். வந்ததும், கைப்பேசியைத் தொடும் முன் பத்து நிமிடம் அமர்வேன். தனியாக நேரம் ஒதுக்க முயன்றால் நழுவிப்போகும். ஏற்கெனவே நாள்தோறும் செய்யும் ஒன்றோடு இணைத்தால் நிலைக்கும். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் ஃபிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்து, 2010-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒரு செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற 18 முதல் 254 நாள் வரை ஆகும் என்றும், நடுத்தர அளவு 66 நாள் என்றும் கணக்கிட்டனர். இடையில் ஒரு நாள் விட்டுப்போனால் பெரிய பாதிப்பில்லை என்பதும் அதில் தெரிந்தது. எனவே ஒரு நாள் தவறினால் மறுநாள் தொடர்ந்தால் போதும்.

வகுப்பில் செய்யும் முறை

1. நாள்தோறும் ஒரே பாடவேளை, ஒரே நேரம். தொடக்கத்தில் இரண்டு நிமிடம் போதும்.
2. பாதங்கள் தரையில், கைகள் மடியில், முதுகு நிமிர்ந்து. தரையில் அமர்வோருக்குச் சம்மணம்.
3. ஒவ்வொரு முறை மூச்சை வெளிவிடும்போதும் மனத்துக்குள் ஒன்று, இரண்டு என்று பத்து வரை எண்ண வேண்டும். மூச்சை அடக்கக் கூடாது.
4. எண்ணிக்கை தவறினால் மீண்டும் ஒன்றிலிருந்து. எத்தனை முறை தவறினாலும் குறையில்லை.
5. முடிந்ததும் உடனே பாடத்துக்குச் செல்லலாம். "யார் நல்லா செஞ்சீங்க?" என்று கேட்க வேண்டாம்.

மந்திரமோ உருவமோ இல்லாததால் எல்லாச் சமயக் குழந்தைகளும் தயக்கமின்றிச் செய்யலாம்.

கவனிக்க வேண்டியவை

அமைதி எல்லாக் குழந்தைக்கும் இதமாக இருப்பதில்லை. என் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி கண்ணை மூடவே மாட்டாள், சன்னலையே பார்த்திருப்பாள். சில வாரம் கழித்துத் தனியாகக் கேட்டபோது, "கண்ண மூடுனா ராத்திரி வீட்ல நடந்த சண்டைதான் டீச்சர் ஞாபகம் வருது" என்றாள். கண்ணைத் திறந்தபடியே, உள்ளங்கையில் ஒரு புளியங்கொட்டையை வைத்துத் தடவி அதன் வழவழப்பைக் கவனிக்கச் சொன்னேன். தலைமையாசிரியரிடம் கலந்து அவள் அம்மாவையும் அழைத்துப் பேசினோம். அந்த இரண்டு நிமிடம் இல்லையென்றால் அவள் சுமை எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. கண் மூடுவதைக் கட்டாயமாக்காதீர்கள். துயரத்தில் இருக்கும் குழந்தைக்குத் தியானம் மட்டும் போதாது. 14417 கல்வி உதவி மையம், 1098 குழந்தைகள் உதவி எண் இரண்டையும் வகுப்பறைச் சுவரில் எழுதி வையுங்கள்.

இதைத் தண்டனையாகவும் பயன்படுத்தக் கூடாது. சத்தம் போட்டதற்காகக் கண்ணை மூடி உட்கார வைத்தால், அமைதியே அவர்களுக்கு வெறுத்துவிடும்.

மிகையான எதிர்பார்ப்பும் வேண்டாம். டெல்லி அரசுப் பள்ளிகளில் 2018 ஜூலையில் தொடங்கிய மகிழ்ச்சிப் பாடத்திட்டத்தில், மனக்கவனப் பயிற்சி 8-ஆம் வகுப்பு வரை இடம்பெற்றது. அதே வேளையில், இங்கிலாந்தில் 8,000-க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், இத்தகைய பாடம் வழக்கமான கற்பித்தலைவிடக் கூடுதல் பலன் தரவில்லை. அம்மாணவர்களில் பெரும்பாலோர் வகுப்புக்கு வெளியே அதிகம் பயிற்சி செய்யவில்லை. இன்னொரு பாடமாக நடத்தி முடித்துவிட்டால் பயனில்லை, அன்றாடம் விரும்பிச் செய்வதாக அமைய வேண்டும் என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொள்ளும் செய்தி.

என் வகுப்பில் மதிப்பெண்கள் உயர்ந்துவிட்டன என்று சொல்லமாட்டேன். பாடம் தொடங்க ஆகும் நேரம் குறைந்திருக்கிறது. என் குரலும் தணிந்திருக்கிறது. நீங்கள் தொடங்குவதானால், முதல் ஒரு வாரம் வீட்டில் நீங்கள் மட்டும் அமர்ந்து பாருங்கள். அடுத்த திங்கள்கிழமை மாணவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.