எல்லை கடந்த கல்வியும் ஐரோப்பிய ஒருமைப்பாடும்

இரண்டாவது உலக மகாயுத்தத்தின் பின்னர் ஐரோப்பிய நாடுகள் ஒன்றுகூடத் தொடங்கிய வரலாற்றை நோக்குமிடத்து, அவை முதலிற் பொதுவாக்கியவை நிலக்கரியும் உருக்குமே என்பது புலனாகும். 1951ஆம் ஆண்டுப் பாரிஸ் உடன்படிக்கையாலும் 1957ஆம் ஆண்டு உரோமாபுரி உடன்படிக்கையாலும் பிரான்சு, மேற்கு ஜேர்மனி, இத்தாலி, பெல்ஜியம், ஒல்லாந்து, லக்சம்பேர்க் என்னும் ஆறு நாடுகள் தம்மைப் பிணித்துக்கொண்டன. சுங்கவரியும் கமத்தொழிலும் வர்த்தகமும் உரோமாபுரி உடன்படிக்கையில் விரித்துக் கூறப்பட்டன. தொழிற்பயிற்சி பற்றி ஓர் உறுப்புரை உண்டு. பொதுக் கல்வியைப் பற்றியோ அது பேசவில்லை. பண்டங்கள் எல்லை கடந்தன. மாணாக்கன் கற்ற கல்வி எல்லையில் நின்றுவிட்டது. அது எல்லை கடந்தது எங்ஙனம் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

மாணாக்கரை ஒன்றுகூட்டும் முயற்சி இவ்வுடன்படிக்கைகளுக்கு முன்னரே எழுந்தது. 1948இல் ஹேக் நகரிற் கூடிய ஐரோப்பிய மாநாட்டின் பயனாக, 1949இற் பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் ஐரோப்பியக் கல்லூரி தோன்றியது. பட்டம் பெற்ற பல நாட்டு இளைஞர் ஓராண்டு ஒருங்குறைந்து, ஐரோப்பிய ஒருமைப்பாட்டையே பொருளாகக் கொண்டு ஆராய்ந்தும் வாதித்தும் கற்கும் இடம் அது. பின்னர், 1963 ஜனவரி 22ஆந் தேதி பிரெஞ்சு அதிபர் டி கோலும் ஜேர்மன் அதிபர் அடெனவரும் எலிசே உடன்படிக்கையிற் கைச்சாத்திட்டனர். அவ்வாண்டே பிரெஞ்சு-ஜேர்மன் இளைஞர் அலுவலகம் நிறுவப்பட்டது. எழுபதாண்டுக்குள் மும்முறை பொருத இரு நாட்டாரின் பிள்ளைகளுள் 90 இலட்சத்துக்கு மேற்பட்டோர் அதன் வழியாக ஒருவரையொருவர் சந்தித்துள்ளனர்.

இவை போற்றத்தக்கனவே. ஆயினும் சந்திப்பு வேறு, கல்வி வேறு. இரு வாரம் கருத்தரங்கில் உரையாடி மீள்பவனிடம் அத்தாட்சிப் பத்திரம் கேட்பார் இலர். ஓராண்டு அயல்நாட்டிற் கற்று மீள்பவனுக்கே இடர் உண்டாகின்றது.

அவ்விடரை உலகறியச் செய்தவர் சோபியா கொராடி என்னும் இத்தாலியப் பெண்மணி. உரோமாபுரியிற் சட்டம் பயின்ற அவர், 1957இல் புல்பிறைற் உபகாரச் சம்பளம் பெற்று நியூயோர்க்கிலுள்ள கொலம்பியாச் சருவகலாசாலைக்குச் சென்று, சட்டத்தில் முதுமாணிப் பட்டம் பெற்று மீண்டார். அங்குக் கற்றதனைத் தம் பட்டப்படிப்பிற் சேர்த்துக் கணிக்குமாறு உரோமாபுரியில் வேண்டியபோது, உல்லாசப் பிரயாணம் போய்வந்தவரைப் போல அவரைப் பலர் முன்னிலையில் எள்ளி நகையாடினர். கொராடி அந்த அவமதிப்பை மறந்தாரல்லர். இத்தாலியச் சருவகலாசாலைத் தலைவர்களின் பேரவைக்கு ஆலோசகராய் அமர்ந்தபின், அயல்நாட்டில் முறைப்படி கற்ற கல்வி தாய்நாட்டிலும் செல்லுபடியாதல் வேண்டும் என்று 1969 முதல் இடைவிடாது எழுதியும் பேசியும் வந்தார்.

இது புதுமையான கோரிக்கை என்று எண்ணுதல் வேண்டா. மத்திய காலத்திற் பாப்பரசரின் சாசனம் பெற்ற கலாசாலைகளிற் பட்டம் எய்தியவர், எங்கும் கற்பிக்கும் உரிமை உடையவராகக் கருதப்பட்டனர். இலத்தீன் பொதுமொழியாய் இருந்தமையால் மொழித் தடையும் இருந்ததில்லை. (பாரிஸ் பட்டதாரியை ஒக்ஸ்போட்டார் மீளப் பரீட்சித்தனர் என்பதும், பாரிஸினர் அவ்வாறே செய்தனர் என்பதும் வேறு கதை! புலமைக் காய்ச்சல் எக்காலத்துக்கும் உரியது போலும்.)

இந்நிலையில் ஒரு வழக்குத் துணை செய்தது. பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் சித்திரக்கதை வரையக் கற்கச் சென்ற கிரவியே என்னும் பிரெஞ்சு மாணவியிடம், பெல்ஜிய மாணவர் செலுத்தாத ஒரு கட்டணம் கேட்கப்பட்டது. 1985இல் ஐரோப்பிய நீதிமன்றம், சித்திரக்கதைப் பயிற்சியும் தொழிற்பயிற்சியே. ஆதலின் நாட்டினம் பற்றி வேறுபாடு காட்டுதல் ஆகாது எனத் தீர்த்தது. உரோமாபுரி உடன்படிக்கையின் அந்த ஓர் உறுப்புரையே உயர்கல்விக்கும் வாயிலாயிற்று. 1987 ஜூன் 15ஆந் தேதி எராஸ்மஸ் திட்டம் ஏற்கப்பட்டது. பாரிஸ், லூவேன், கேம்பிரிட்ஜ், பாசல் எனப் பல நகரங்களில் வாழ்ந்த அறிஞர் எராஸ்மஸின் பெயர் அதற்கு இடப்பட்டது. முதலாண்டில் 11 நாடுகளிலிருந்து 3,244 மாணாக்கர் சென்றனர். இன்றுவரை பயன்பெற்றோர் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்டோராவர்.

இனி, கற்றதனை அளப்பது எவ்வாறு? நன்னூல் கற்ற நம் மாணாக்கருக்கு இதனை எளிதில் விளக்கலாம். நிலைமொழியும் வருமொழியும் மாற்றமின்றிச் சேர்வது இயல்பு புணர்ச்சி. தோன்றல், திரிதல், கெடுதல் எய்திச் சேர்வது விகாரப் புணர்ச்சி. முதலில் ஐரோப்பியர் விரும்பியது இயல்பு புணர்ச்சியையே. 1989இல் வணிக நிருவாகம், இரசாயனம், வரலாறு, இயந்திரப் பொறியியல், மருத்துவம் ஆகிய ஐந்து துறைகளிற் பொது அலகு முறை ஒன்று பரீட்சிக்கப்பட்டது. ஓராண்டுப் படிப்பு 60 அலகு. ஓர் அலகு இன்று 25 முதல் 30 மணிநேர உழைப்பாகக் கொள்ளப்படும். பாடத்திட்டத்தை எவரும் மாற்றவேண்டியதில்லை. அளவுகோல் மாத்திரமே பொது. மாணாக்கன் புறப்படுமுன் தான் கற்கவிருக்கும் பாடங்களைக் குறித்த ஒப்பந்தத்தில் அவனும், அனுப்பும் கலாசாலையும், ஏற்கும் கலாசாலையும் ஒப்பமிடுவர். கொராடிக்கு நேர்ந்தது பிறர்க்கு நேராமைக்கு இவ்வொரு தாளே காப்பாகும்.

விகாரம் பின்னர் வந்தது. 1999இற் பொலோஞாவில் 29 நாடுகள் கைச்சாத்திட்ட பிரகடனத்தின் வழியாக, இளமாணி, முதுமாணி என்னும் படிமுறை பரவிற்று. ஜேர்மனியின் பழைய டிப்ளோம் பட்டம் பெரும்பாலான துறைகளிற் கெட்டது, புதியன தோன்றின. தமக்கே உரிய மரபு போயிற்று என்று வருந்திய ஜேர்மன் பேராசிரியர் பலர். அவர் வருத்தத்தைப் பழமைவாதம் எனத் தள்ளுதல் நேர்மையன்று.

இத்தனைக்கும் பின், மாணாக்கர் மனத்தில் ஐரோப்பிய உணர்வு வளர்ந்ததா? 2010இல் சிகாலாஸ் என்னும் ஆய்வாளர், ஓராண்டு அயல்நாட்டில் வாழ்ந்ததனால் மாத்திரம் அவ்வுணர்வு மிகுவதில்லை என்று கண்டார். 2012இல் தெரேசா கூன், அயல்நாடு செல்லும் சருவகலாசாலை மாணாக்கர் முன்னரே ஐரோப்பாவை விரும்புவோராதலின், திட்டம் தன் குறியைத் தவறுகின்றது என வாதித்தார். நோயற்றவனுக்கு மருந்தூட்டியதை ஒக்கும் என்பது அவர் கருத்தின் சாரம். இவ்வாதம் வலியது என்றே யான் கருதுகின்றேன். தச்சுத்தொழில் பயிலும் இளைஞனும் தாதியாகப் பயிலும் பெண்ணும் எல்லை கடத்தல் அன்றோ கூடிய பயன் தரும்? தொழில் பயில்வோருக்கு லெயனார்டோ டா வின்சி என்னும் தனித்திட்டம் 1995 முதல் நடைபெற்றது. 2014இல் அதுவும் பள்ளி மாணாக்கர்க்குரிய திட்டமும் எராஸ்மஸுடன் ஒன்றாக்கப்பட்டன.

நம்மவர்க்கும் இதிற் பங்குண்டு. 2004இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டுஸ் முதுமாணிப் படிப்புக்களுக்கு இலங்கை மாணாக்கரும் விண்ணப்பிக்கலாம். தெரிவுசெய்யப்பட்டோர் ஒரு நாட்டில் மாத்திரம் தங்கிப் படித்தல் இயலாது. குறைந்தது இரு நாடுகளிற் கற்றே அப்பட்டத்தைப் பெறுவர்.