அடுப்பு சொல்லும் சேதி

டில்லியில் டிசம்பர் பிறந்துவிட்டால் நம் வீடுகளில் முதல் வேலை ஜன்னல்களை இழுத்துச் சாத்துவதுதான். குளிர் நுழையாமல் இருக்க, கதவு இடுக்கில் பழைய துணியைக்கூடச் செருகி வைப்போம். சில ஆண்டுகளுக்கு முன் அப்படிப்பட்ட ஒரு குளிர்காலத்தில் என் தாயார் ஊரிலிருந்து வந்திருந்தார். வந்த இரண்டாம் நாளே, "என்னடி இது, விறகு அடுப்புல வச்ச மாதிரி குக்கர் அடியெல்லாம் கரியா இருக்கு?" என்று கேட்டார். நான் பாத்திரம் தேய்ப்பவளைக் குறை சொன்னேன். அம்மா அடுப்பை ஏற்றிக் குனிந்து பார்த்துவிட்டு, "அவ மேல தப்பில்லை. நெருப்பு மஞ்சளா ஆடுது பாரு" என்றார்.

அன்று நான் கற்றுக்கொண்டதை மற்ற சகோதரிகளுக்கும் சொல்லவே இக்கட்டுரை. ஆண்களும் படிக்கலாம், ஆபத்து எல்லோருக்கும் பொதுதானே!

அடுப்பு எரியும் விதம்

சிலிண்டரில் இருப்பது புரோப்பேன், பியூட்டேன் என்ற இரு வாயுக்களின் கலவை. குமிழைத் திருப்பியதும் ஜெட் எனப்படும் சிறு பித்தளைத் துளை வழியே வாயு வேகமாகப் பாய்கிறது. பாயும்போதே பக்கத்திலுள்ள காற்றை உள்ளே இழுத்து, குழாயில் அதனுடன் கலந்து, பர்னர் துளைகளில் எரிகிறது. ஒரு பங்கு வாயு முழுமையாக எரிய ஏறத்தாழ 24 முதல் 31 பங்கு காற்று வேண்டும். காற்று போதுமானால் சுடர் நீலமாக, அசையாமல் நிற்கும். போதாவிட்டால் மஞ்சளாகி, நீண்டு, ஆடி, பாத்திரத்தில் கரி பூசும்.

சத்தங்கள்

1. 'சடசட' என்ற சத்தம்: கழுவிய பர்னரை ஈரத்தோடு மாட்டியிருப்பீர்கள். நன்றாக உலர்த்தி மாட்டினால் சரியாகிவிடும்.

2. 'பக்' என்ற சத்தத்துடன் சுடர் உள்ளே போய்விடுதல்: பர்னர் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது துளைகள் தேய்ந்து பெரிதாகிவிட்டன. சுடர் ஜெட்டின் வாயிலேயே எரியத் தொடங்கும். உடனே குமிழை மூடுங்கள். ஆறியபின் மூடியைச் சரியாகப் பொருத்தி மீண்டும் ஏற்றுங்கள். தொடர்ந்தால் பர்னரை மாற்றவேண்டும்.

3. 'ஹோ' என்ற இரைச்சலுடன் சுடர் பர்னரை விட்டு எழும்பி நிற்பது: காற்று அதிகம், அல்லது வாயுவின் அழுத்தம் அதிகம். மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள்.

4. ரெகுலேட்டர் அருகே 'உஸ்' என்ற சத்தம், கூடவே வாடை: இது கசிவு. ரெகுலேட்டரை மூடிக் கழற்றி, சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடியைப் போடுங்கள். ஜன்னல்களைத் திறங்கள். மின்சார ஸ்விட்ச் எதையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். எக்ஸாஸ்ட் விசிறியும் கூடாது. இந்த வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கி நிற்கும். வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். கசிவு உண்டோ என்று சந்தேகம் வந்தால் சோப்பு நீர் தடவிப் பாருங்கள். தீக்குச்சி கிழித்துச் சோதிக்காதீர்கள்.

சுடரின் நிறம்

பொங்கிய சாம்பாரின் உப்பு பட்டால் சுடர் சற்று நேரம் மஞ்சளாகப் பொறி விடும். அது தானே போய்விடும், கவலை வேண்டாம். நிலையாக மஞ்சள் எரிந்து கரியும் பிடித்தால், துளைகள் அடைத்திருக்கலாம். அல்லது கலவைக் குழாயில் தூசியோ சிலந்திக் கூடோ இருக்கலாம். விடுமுறைக்கு ஊர் சென்று ஒரு மாதம் கழித்துத் திரும்புகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும். பர்னரைச் சோப்பு நீரில் ஊறவைத்துப் பிரஷ்ஷால் தேயுங்கள். ஆனால் ஜெட்டை ஊசியால் குத்தாதீர்கள். துளை சிறிது பெரிதானாலும் வாயு மிகுந்து மஞ்சள் கூடும்.

மாற்றலாகி வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. சிலிண்டர் அடுப்புக்கும் குழாய்வழி காஸ் அடுப்புக்கும் ஜெட் வேறு. சிலிண்டர் அடுப்பை அப்படியே குழாயில் இணைத்தால் சுடர் மங்கலாக எரியும். குழாய் காஸுக்கு மாற்றிய அடுப்பைச் சிலிண்டரில் இணைத்தாலோ சுடர் பெரிதாக, மஞ்சளாகக் கிளம்பும். இடம் மாறும்போது ஜெட்டையும் மாற்றச் சொல்லுங்கள். சுரக்ஷா ரப்பர் குழாயை 5 ஆண்டுக்கு ஒருமுறை மாற்றவேண்டும். தேதி அதன்மேலேயே அச்சிட்டிருக்கும்.

குளிர்காலை வேளையில் சிலிண்டர் தீரும் தறுவாயில் சுடர் சிறுத்துப் போவதும் உண்டு. புரோப்பேன் மைனஸ் 42 டிகிரியிலேயே ஆவியாகும். பியூட்டேனுக்கோ சுமார் 0 டிகிரி வேண்டும். புரோப்பேன் முந்திச் செலவாகி, கடைசியில் பியூட்டேன் மிஞ்சுவதால் குளிரில் வாயு குறைவாகவே கிளம்புகிறது. இதற்காகச் சிலிண்டரை வெந்நீரில் வைப்பதோ, படுக்க வைப்பதோ மிகவும் ஆபத்து. படுக்க வைத்தால் திரவமே குழாய்க்குள் வந்துவிடும்.

மூடிய ஜன்னல்

ஊரில் என் தாயாரின் சமையலறைக்குக் கொல்லைக் கதவு எப்போதும் திறந்தே இருக்கும். அங்கே அடுப்பு மஞ்சளாக எரிந்தால் கரி பிடிக்கும், அவ்வளவுதான். இங்கே நாம் ஜன்னலைச் சாத்துகிறோம். அதே மஞ்சள் சுடர் கார்பன் மோனாக்ஸைடு என்ற நச்சு வாயுவை அறைக்குள் சேர்க்கிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை. இரத்தத்தின் ஹீமோகுளோபினுடன் பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும்.

இதில் மிகக் கொடியது குளியலறைக்குள் மாட்டிய காஸ் கீஸர். சிறிய அறை, மூடிய கதவு, நிறைந்த ஆவி. குளிக்கப் போனவர் தலைசுற்றி விழுந்தால் வெளியே தெரியாது. வட இந்தியாவில் குளிர்காலந்தோறும் இப்படி உயிரிழப்புச் செய்திகள் வருகின்றன. காஸ் கீஸரைக் குளியலறைக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் மாட்டி, வெந்நீரைக் குழாய் வழியே உள்ளே கொண்டுவருவதே சரி. இன்று உள்ளே இருந்தால், மாற்றும் வரை அறைக்கு வெளியே வாளியில் பிடித்த வெந்நீரில் குளியுங்கள்.

வீட்டில் இரண்டு மூன்று பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி, மயக்கம், குமட்டல் வந்தால் அதை ஜலதோஷம் என்று தள்ளிவிடாதீர்கள். அடுப்பை அணைத்து, கதவுகளைத் திறந்து, எல்லோரும் வெளியே வந்து மருத்துவரைப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் மெக்கானிக் வந்து கலவைக் குழாயிலிருந்து எடுத்தது ஒரு பிடி ஒட்டடைதான். அன்று முதல் எத்தனை குளிரானாலும் சமையலறை ஜன்னலில் நான்கு விரல் இடைவெளி விட்டே வைக்கிறேன். நீங்களும் இன்றிரவு சமையலறை விளக்கை அணைத்துவிட்டு, அடுப்பை ஏற்றி இரண்டு நிமிடம் சுடரைப் பாருங்கள். நீலமாக நின்றால் நிம்மதியாகத் தூங்கலாம். மஞ்சளாக ஆடினால், காலையில் முதல் வேலை அதுதான்.